எஸ்டிடிஐஓ எங்கே இருக்கிறது? கம்பைலர் ஹெடர் கோப்பைத் தேடும் வழி

ராயபுரத்தில் நான் வளர்ந்த வீட்டில் மாலை நேரத்தில் கடைக்குப் போவது என் வேலை. பையைக் கையில் கொடுக்கும்போதே அம்மா வரிசையையும் சொல்லிவிடுவார். "முதலில் தெருமுனை அண்ணாச்சி கடையில் கேள். இல்லை என்றால் கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் போ. அங்கேயும் இல்லை என்றால் திரும்பி வந்துவிடு." எந்தக் கடையில் முதலில் கிடைக்கிறதோ அங்கேயே வாங்கிவிட வேண்டும். அடுத்த கடையில் இதைவிட நல்ல பருப்பு இருக்குமோ என்று பார்க்கப் போகக் கூடாது. அம்மா சொல்லாத கடை வழியிலேயே இருந்தாலும் அங்கே நுழையக் கூடாது. நம் கணக்கு நோட்டு அங்கே கிடையாது.

சி மொழியில் நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இப்போது தண்டையார்பேட்டையில் வார இறுதியில் பாடம் சொல்லித்தருகிறேன். ஹெடர் கோப்பைக் கம்பைலர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று யாராவது கேட்டால் இந்தக் கடைக்கதையைத்தான் சொல்வேன். நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் உங்கள் கணினி முழுவதையும் தேடுவதில்லை. அதன் கையில் கோப்புறைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்க்கும், முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும், பட்டியல் தீர்ந்தும் கிடைக்கவில்லை என்றால் "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று சொல்லி நின்றுவிடும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே நாம் வாயால் சொல்லும் ஒலிப்பிலேயே எழுதுகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

சி நிரல்களில் பெரும்பாலும் முதல் வரியாக வருவது இது:

#இன்க்ளூட் <எஸ்டிடிஐஓ.ஹெச்>

இந்த வரிக்கு மந்திரம் எதுவும் கிடையாது. எஸ்டிடிஐஓ.ஹெச் என்பது சாதாரண எழுத்துக் கோப்பு; எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். பிரிண்ட்எஃப் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு, அதற்கு இன்னின்ன வகை மதிப்புகளைக் கொடுக்க வேண்டும் என்பது போன்ற அறிவிப்புகள் அதில் இருக்கின்றன. #இன்க்ளூட் என்ற சொல்லைக் கண்டதும் கம்பைலரின் முதல் கட்டமான ப்ரீபிராசசர் அந்தக் கோப்பைத் தேடி எடுத்து, அதிலுள்ள எழுத்துகளை அந்த வரி இருந்த இடத்திலேயே கொட்டிவிடுகிறது. பள்ளிப் பாடப்புத்தகம் இதைத் தலைப்புக் கோப்பு என்கிறது. நிரலின் தலைமாட்டில் வந்து உட்காருவதால் பெயர் பொருத்தம்தான்.

கோப்பு எங்கே இருக்கிறது என்று நீங்கள் எங்குமே எழுதவில்லை. பெயரை மட்டும் கொடுத்தீர்கள். அப்படியானால் இடம் கம்பைலருக்கு எப்படித் தெரிந்தது? அதை ஊகிக்க வேண்டாம், கம்பைலரிடமே கேட்கலாம். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து, வணக்கம்.சி என்ற உங்கள் கோப்பை ஜிசிசி என்ற கம்பைலரால் இப்படி கம்பைல் செய்யுங்கள்:

ஜிசிசி -வி வணக்கம்.சி

திரையில் நிறைய வரிகள் ஓடும். பயப்பட வேண்டாம். நமக்குத் தேவையான பகுதி நடுவில் இருக்கிறது. "சர்ச் ஸ்டார்ட்ஸ் ஹியர்" என்று தொடங்கி "எண்ட் ஆஃப் சர்ச் லிஸ்ட்" என்று முடியும். உபுண்டு 22.04 பதிப்பில், வழக்கமான 64 பிட் கணினியில், அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவே இந்த நான்கு பாதைகள் இருக்கும்:

/யுஎஸ்ஆர்/லிப்/ஜிசிசி/எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யு/11/இன்க்ளூட்
/யுஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்
/யுஎஸ்ஆர்/இன்க்ளூட்/எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யு
/யுஎஸ்ஆர்/இன்க்ளூட்

இதுதான் அந்தக் கடைப் பட்டியல். என்னிடம் படிக்கும் பிள்ளைகளை முதல் வாரத்திலேயே இந்த நான்கு வரிகளையும் நோட்டில் கையால் எழுதவைக்கிறேன். மனப்பாடம் செய்வதற்காக அல்ல. இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்க முடியும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், பிழை வரும்போது கைகால் உதறாது.

நான்கும் வெவ்வேறு ஆட்களுடையவை. முதல் கோப்புறை கம்பைலரின் சொந்தச் சொத்து. எஸ்டிடிஏஆர்ஜி.ஹெச், எஸ்டிடிடிஇஎஃப்.ஹெச் போன்ற கோப்புகள் இங்கே இருக்கின்றன. ஒரு ஃபங்ஷனுக்கு எத்தனை மதிப்புகள் வரும் என்று முன்கூட்டித் தெரியாதபோது அவற்றை ஒவ்வொன்றாக எடுப்பது எப்படி என்பது போன்ற செய்திகள் கம்பைலரின் உள்வேலையோடு பிணைந்தவை. வேறு யாரும் அவற்றை எழுதித்தர முடியாது, ஆகவே கம்பைலரே கொண்டுவருகிறது. பாதையில் இருக்கும் 11 என்பது ஜிசிசியின் பதிப்பு எண். வேறு பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு அந்த எண் மாறும்.

நான்காவது கோப்புறையான /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்தான் பலரும் கேள்விப்பட்ட இடம். எஸ்டிடிஐஓ.ஹெச் இங்கேதான் இருக்கிறது. இது கம்பைலருடையது அல்ல என்பதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ஜிலிப்சி என்ற சி நூலகம் தனித் திட்டம். பிரிண்ட்எஃப் உள்ளிட்ட ஃபங்ஷன்களைச் செய்து தருவது அதுதான், அவற்றின் அறிவிப்பைத் தருவதும் அதுதான். கம்பைலர் ஒரு வீடு, நூலகம் இன்னொரு வீடு. மூன்றாவது கோப்புறையில் அந்த நூலகம் முதலியவற்றின் கோப்புகளில் செயலி வகைக்கு ஏற்ப மாறக்கூடியவை இருக்கின்றன. இரண்டாவதான /யுஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட், நீங்களே மூலநிரலை இறக்கி நிறுவிக்கொள்ளும் நூலகங்களுக்கானது. அது உபுண்டுவின் கோப்புறைகளுக்கு முன்னால் நிற்கிறது. எப்போதோ கையால் நிறுவிய பழைய நூலகத்தின் ஹெடர் அங்கே கிடந்தால், நேற்று முறையாக நிறுவிய புதிய பதிப்பைக் கம்பைலர் எட்டியும் பார்க்காது. அண்ணாச்சி கடையில் பழைய பருப்பு இருக்கும்வரை மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய தேவையே வராது.

<சிஸ்/டைப்ஸ்.ஹெச்> என்று சாய்கோட்டுடன் எழுதினாலும் விதி இதேதான். நீங்கள் எழுதியதைப் பட்டியலின் ஒவ்வொரு பாதையின் வாலிலும் அப்படியே ஒட்டி, அந்த இடத்தில் கோப்பு இருக்கிறதா என்று கம்பைலர் பார்க்கிறது. அப்படியே என்றால் எழுத்துக்கு எழுத்து அப்படியே. லினக்ஸில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அடித்துவிட்டால் கிடைக்காது. மூடும் அம்புக்குறிக்கு முன் ஓர் இடைவெளி விழுந்தாலும் கிடைக்காது, அந்த இடைவெளியும் பெயரின் பகுதியாகிவிடும். அரைமணி நேரம் தேடி அந்த ஒற்றை இடைவெளியைக் கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், பாவமாக இருந்தது.

பட்டியலை எழுதியது யார்? கம்பைலரை உருவாக்கியவர்கள். ஜிசிசியை மூலநிரலிலிருந்து கட்டும்போதே இந்தப் பாதைகள் உள்ளே பதிந்துவிடுகின்றன. சி மொழியின் தரநிலை இதில் தலையிடுவதில்லை. எந்தெந்த இடங்களில் தேட வேண்டும் என்பதை அந்தந்தக் கம்பைலரே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடுகிறது. அதனால்தான் ஒரு கணினியில் ஓடும் நிரல் இன்னொன்றில் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது.

பிழை வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பட்டியலில் கடை இல்லையா, கடையில் சரக்கு இல்லையா?

போன மாதம் பிசிஏ முதலாண்டு படிக்கும் எதிர்வீட்டுப் பெண் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். "அக்கா, எஸ்டிடிஐஓ-வே இல்லை என்கிறது. ஜிசிசி இருக்கிறது. மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவிவிட்டேன்" என்றாள். குரல் கம்மியிருந்தது, மறுநாள் செய்முறைத் தேர்வு. மைனஸ் வி போட்டுப் பார்த்தோம். நான்கு வரியும் சரியாக இருந்தன. ஆனால் /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்டைத் திறந்தால் எஸ்டிடிஐஓ.ஹெச் இல்லை. கணினியை அமைத்துத் தந்தவர், இடம் மிச்சமாகட்டும் என்று, பரிந்துரைக்கப்படும் துணைத் தொகுப்புகள் எதுவும் வர வேண்டாம் என அமைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார். ஜிசிசி மட்டும் வந்திருக்கிறது, நூலகத்தின் ஹெடர்கள் வரவில்லை. உபுண்டுவில் அவை லிப்சி6-டெவ் என்ற தொகுப்பில் இருக்கின்றன. மூன்று முறை அல்ல, முப்பது முறை ஜிசிசியை மறுபடி நிறுவியிருந்தாலும் அந்த அமைப்பு இருக்கும்வரை கோப்பு வந்திருக்காது.

"பில்ட்-எசென்ஷியல் என்று போடு" என்றேன். ஜிசிசி, லிப்சி6-டெவ், மேக் முதலியவற்றை ஒருசேர இழுத்துக்கொண்டு வரும் தொகுப்பு அது. வந்தது. மறுபடி மைனஸ் வி போடச் சொன்னேன். பட்டியலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, அதே நான்கு வரிகள். கடை அதேதான், சரக்கு வந்து இறங்கியிருக்கிறது. அவளுக்கு அது புரிந்த கணத்தை முகத்திலேயே பார்க்க முடிந்தது.

அடுத்த பிழை உடனே வந்தது: கோனியோ.ஹெச் இல்லை. தமிழ்நாட்டில் சி படித்த பலருக்கும் இது பழகிய கதை. கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் ஓடியது டர்போ சி. போர்லாண்ட் நிறுவனம் அதை 1987-இல் டாஸ் இயங்குதளத்துக்காக வெளியிட்டது. திரையைத் துடைக்கும் கிளர்எஸ்சிஆர், ஒரு விசை அழுத்தும்வரை காத்திருக்கும் கெட்ச் ஆகியவை அதன் கோனியோ.ஹெச் கோப்பில் இருந்தன. அவை டாஸ் காலத்துக் கம்பைலர்களின் சொந்த வசதிகள், சி மொழியின் பகுதி அல்ல. 1989-இல் வந்த முதல் தரநிலை 15 ஹெடர்களைப் பெயர்சொல்லி வரையறுத்தது. அவற்றில் கோனியோ இல்லை. லினக்ஸில் எந்தப் பட்டியலை எப்படி நீட்டினாலும் அது கிடைக்கப் போவதில்லை. அந்த வரியையும், கிளர்எஸ்சிஆர், கெட்ச் வரிகளையும் எடுத்துவிட்டோம். நிரல் ஓடியது.

டர்போ சி-யிலும் பட்டியல் உண்டு. ஆப்ஷன்ஸ் பட்டியில் டைரக்டரீஸ் என்ற இடத்தில் சி:\டிசி\இன்க்ளூட் என்று எழுதியிருக்கும். அந்தக் கோப்புறையை வேறு டிரைவுக்கு நகலெடுத்து வைத்துவிட்டு, அங்கே போய்ப் பாதையை மாற்றாமல் விட்டால் "அனேபிள் டு ஓப்பன் இன்க்ளூட் ஃபைல்" என்று வரும். இது முந்தைய வகை அல்ல. சரக்கு இருக்கிறது, பட்டியலில் கடையின் முகவரி தப்பு.

இனி அம்புக்குறியும் மேற்கோள்குறியும். <எஸ்டிடிஐஓ.ஹெச்> என்று அம்புக்குறிக்குள் எழுதினால் நேரே கடைப் பட்டியலுக்குப் போ என்று பொருள். "கணக்கு.ஹெச்" என்று மேற்கோளுக்குள் எழுதினால், முதலில் வீட்டு அலமாரியைப் பார், இல்லை என்றால் கடைக்குப் போ என்று பொருள். வீட்டு அலமாரி என்பது அந்த வரி எழுதப்பட்ட கோப்பு இருக்கும் கோப்புறை. நீங்கள் டெர்மினலில் நிற்கும் கோப்புறை அல்ல, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கணினியோடு வரும் ஹெடர்களுக்கு அம்புக்குறி, நீங்கள் எழுதியவற்றுக்கு மேற்கோள் என்ற வழக்கம் இதிலிருந்துதான் பிறந்தது.

பட்டியலின் தலையில் உங்கள் கோப்புறை ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், பெரிய எழுத்து ஐ-யுடன் மைனஸ் ஐ என்று போட்டுப் பாதையை ஒட்டி எழுத வேண்டும். அது இரண்டு வகை வரிகளுக்கும் பொருந்தும். நிலையான நான்கு கோப்புறைகளுக்கும் முன்னால் போய் நிற்கும். இந்த வசதியை எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பேன். காரணம் இருக்கிறது.

காசிமேட்டில் அப்பாவுக்கு விசைப்படகு இருக்கும் ஒரு பையன் என்னிடம் படிக்கிறான். படகு எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது, எவ்வளவு டீசல் செலவானது என்று கணக்கு வைக்க ஒரு நிரல் எழுதினான். நேரக் கணக்குக்கான தன் ஃபங்ஷன்களைத் தனிக் கோப்பில் போட்டு அதற்கு டைம்.ஹெச் என்று பெயர் வைத்தான். நிரலின் தலையில் "டைம்.ஹெச்" என்று மேற்கோளில் ஒரு வரி, <டைம்.ஹெச்> என்று அம்புக்குறியில் இன்னொரு வரி. முன்னது தன்னுடையது, பின்னது கணினியுடையது என்ற தெளிவோடுதான் எழுதியிருந்தான். அந்தத் தெளிவு எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் கம்பைல் செய்தால், லோக்கல்டைம் என்ற ஃபங்ஷனை யாருமே அறிவிக்கவில்லை என்றது கம்பைலர். அது கணினியின் டைம்.ஹெச் கோப்பில் இருக்க வேண்டிய ஃபங்ஷன். "கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லவே இல்லையே அக்கா, கிடைத்துவிட்டதே, பிறகு ஏன்?" என்று கேட்டான். சரியான கேள்வி.

கட்டளையில் மைனஸ் ஹெச் சேர்க்கச் சொன்னேன், பெரிய எழுத்து ஹெச். எந்தெந்த ஹெடர் எந்தெந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று முழுப் பட்டியலும் வரும். ஒரு ஹெடர் இன்னொன்றை அழைத்தால் புள்ளிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். விரலை வைத்து வரிவரியாகப் படித்தான். /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்/எஸ்டிடிஐஓ.ஹெச் இருந்தது. /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்/டைம்.ஹெச் எங்குமே இல்லை. அந்த இடத்தில் அவனுடைய டைம்.ஹெச் மட்டுமே இருந்தது.

எங்கிருந்தோ பார்த்து எழுதிய கட்டளையில் மைனஸ் ஐ போட்டு ஒரு புள்ளி வைத்திருந்தான். புள்ளி என்றால் நான் நிற்கும் இந்தக் கோப்புறை. அதாவது கடைப் பட்டியலின் முதல் கடையாக வீட்டையே எழுதிவிட்டான். அம்புக்குறி வரியும் முதலில் அங்கே போனது, டைம்.ஹெச் என்ற பெயரில் ஒன்று கிடைத்தது, எடுத்துக்கொண்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று கம்பைலர் பார்ப்பதில்லை; பெயர் பொருந்தினால் போதும். இந்த ஊரில் பிள்ளையார் கோயில் தெரு என்று மட்டும் சொல்லி ஆட்டோ ஏறினால் முதலில் வரும் பிள்ளையார் கோயில் தெருவில்தான் இறங்க வேண்டியிருக்கும்.

கோப்பின் பெயரைப் படகுநேரம்.ஹெச் என்று மாற்றினான், மைனஸ் ஐ புள்ளியையும் எடுத்துவிட்டான். மேற்கோள் வரிக்கு அது தேவையே இல்லை, ஏனென்றால் இரண்டு கோப்புகளும் ஒரே கோப்புறையில்தான் இருந்தன. ஸ்ட்ரிங், மேத், டைம், சிக்னல் ஆகியவற்றை உங்கள் ஹெடர்களுக்குப் பெயராக வைக்காதீர்கள். உங்கள் கோப்புறைகள் மேற்கோள் வரிகளுக்கு மட்டும் பயன்பட வேண்டுமானால் மைனஸ் ஐகோட் என்ற தனிச் சொல் ஜிசிசியில் இருக்கிறது.

கட்டளையில் எதுவுமே எழுதாமலும் பட்டியல் மாறலாம். சிபாத், சி_இன்க்ளூட்_பாத் என்ற சூழல் மாறிகள் (இயங்குதளம் நிரல்களுக்கு எடுத்துக்கொடுக்கும் பெயரிட்ட அமைப்புகள்) எங்காவது அமைக்கப்பட்டிருந்தால் அவற்றிலுள்ள பாதைகளும் வந்து சேர்ந்துகொள்ளும். மைனஸ் வி காட்டும் பட்டியலில் அறிமுகமில்லாத பாதை தெரிந்தால் முதலில் அங்கே சந்தேகப்படுங்கள்.

மற்ற இயங்குதளங்களைப் பற்றிச் சுருக்கமாக. மேக் கணினிகளில் 2018-இல் வந்த மோஹாவே பதிப்பிலிருந்து /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் இயல்பாக இருப்பதில்லை. ஹெடர்கள் எஸ்டிகே எனப்படும் தனித் தொகுதிக்குள் போய்விட்டன. எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால் என்ற கட்டளை அவற்றைக் கொண்டுவரும். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் இன்க்ளூட் என்ற சூழல் மாறியிலிருந்து பட்டியலை எடுக்கிறது. அதை நிரப்பித் தருவது டெவலப்பர் கமாண்ட் பிராம்ப்ட். சாதாரண கருப்புத் திரையைத் திறந்து கம்பைல் செய்பவர்களுக்குப் பட்டியலே காலியாக இருக்கும்.

எடிட்டர் காட்டும் சிவப்பு அடிக்கோட்டை நம்பித் திணறுபவர்களும் உண்டு. விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற எடிட்டர்கள் நீங்கள் எழுதும்போதே உதவி செய்வதற்காகத் தங்களுக்கென்று ஒரு பாதைப் பட்டியல் வைத்திருக்கின்றன. அது கம்பைலரின் பட்டியலோடு பொருந்தாமல் போகலாம். டெர்மினலில் பிழையில்லாமல் கம்பைல் ஆகிறதென்றால் ஹெடர் கிடைத்துவிட்டது என்று பொருள். எடிட்டரின் அமைப்பைத் திருத்துங்கள், கம்பைலரைத் தொடாதீர்கள். எஸ்டிடிஐஓ.ஹெச் கோப்பை எங்கிருந்தோ இறக்கி உங்கள் கோப்புறைக்குள் போட்டுக்கொள்வது மட்டும் எந்த நாளும் வேண்டாம். அது உள்ளே இன்னும் பல ஹெடர்களை அழைக்கிறது, அவையெல்லாம் உங்கள் கணினியின் நூலகப் பதிப்போடு பொருந்த வேண்டியவை.

ஹெடர் கிடைத்த பிறகும் ஒரு பிழை வருவதுண்டு: "அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ் டு எஸ்கியூஆர்டி". மேத்.ஹெச் கிடைத்தது, அறிவிப்பும் இருந்தது, ஆனால் வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் உண்மையான இயந்திர நிரல் கிடைக்கவில்லை. இது கம்பைலருக்குப் பின் வந்து, நிரலை நூலகங்களோடு இணைக்கும் லிங்கரின் குரல். கட்டளையின் கடைசியில் -எல்எம் சேர்த்தால் கணித நூலகம் இணைந்துவிடும். எஸ்கியூஆர்டி(2.0) என்று எண்ணை நேரடியாக எழுதினால் -எல்எம் இல்லாமலும் ஓடிவிடுகிறது, விடையைக் கம்பைலர் அப்போதே கணக்கிட்டு வைத்துவிடுவதால். பயனரிடம் எண்ணை வாங்கிக் கணக்கிடும்போதுதான் பிழை வெளியே வரும். லிங்கர் பார்க்கும் கோப்புறைகளுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. ஜிசிசி -பிரிண்ட்-சர்ச்-டிர்ஸ் என்று அடித்து, லைப்ரரீஸ் என்று தொடங்கும் வரியைப் படியுங்கள்.